நாளுக்கு இருமுறை அசைய வேண்டிய முள்: பினாங்கில் ஒரு பழைய பாரோமீட்டரின் நிகழ்வு ஆய்வு

வந்த பொருள்

சுவரில் மாட்டும் வட்டமான அனெராய்டு பாரோமீட்டர், அதாவது பாதரசம் இல்லாமல் காற்றழுத்தத்தை அளக்கும் கருவி. எட்டு அங்குல முகப்பு, ஓக் மரச் சட்டம், சட்டத்தின் ஓரம் முழுக்கக் கயிறு முறுக்கு வேலைப்பாடு. பித்தளை வளையத்துக்குள் தடித்த கண்ணாடி. நீலம் பாய்ந்த எஃகு முள் ஒன்று. கண்ணாடிக்கு நடுவில் இருக்கும் குமிழைத் திருப்பினால் சுற்றும் பித்தளை முள் இன்னொன்று. வெள்ளை முகப்பின் நடுவில் வட்டமாகத் திறப்பு விட்டிருக்கிறார்கள், அதன் வழியே உள்ளே இருக்கும் இயந்திரம் தெரியும். செய்தவர் பெயர் எங்கும் இல்லை. சட்டத்தின் பாணியை வைத்து 19ஆம் நூற்றாண்டின் கடைசி அல்லது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் என்று சொல்லலாம். அதற்கு மேல் துல்லியமாகச் சொல்பவர்களை நான் நம்புவதில்லை.

கொண்டுவந்தவர் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், எழுபதைத் தாண்டியவர், குளுகோர் பக்கம் வீடு. அவருடைய அப்பாவும் துறைமுகத்துக்காரர்தான். வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனது என்பது வீட்டில் சொல்லும் கதை. லெபோ பாசார் பக்கத்தில் கடிகாரம் பழுது பார்க்கும் என் மேசைக்கு இந்த மாதிரிப் பொருள் எப்போதாவதுதான் வரும்.

அவர் சொன்ன குறை இது: "தம்பி, இது செத்துப்போச்சு. 2017 நவம்பர்ல பாதிப் பினாங்கு தண்ணியில நின்னுச்சு. இது என்னடான்னா நல்ல வானிலைன்னு காட்டிக்கிட்டு நின்னுச்சு. அதுக்கப்புறம் ஒரு கடையில குடுத்துப் பார்த்தேன். எண்ணெய் விட்டு, பின்னாடி திருகிக் குடுத்தாங்க. இப்ப இன்னும் மோசம். அசையறதே இல்ல."

"அந்தக் கடைக்குக் கொண்டு போறதுக்கு முன்னால முள் அசைஞ்சுதா ஐயா?" என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தார். "அசையும். ஆனா கொஞ்சமாத்தான். காலையில ஒரு மாதிரி, சாயங்காலம் ஒரு மாதிரி. மழைக்கும் அதுக்கும் சம்பந்தமே இருக்காது."

அந்தப் பதிலிலேயே பாதி விடை இருந்தது. மழைக்குச் சம்பந்தமில்லாமல், காலையும் மாலையும் மட்டும் கொஞ்சம் அசைந்த பாரோமீட்டர் பினாங்கில் நன்றாக வேலை செய்த பாரோமீட்டர்.

பினாங்கில் அழுத்தம் எப்படி நடந்துகொள்ளும்

முகப்பில் 28 முதல் 31 வரை அங்குல எண்கள். பாதரசத் தூண் எத்தனை அங்குலம் நிற்கும் என்ற பழைய கணக்கு அது. எண்களுக்கு மேலே ஆங்கிலத்தில் வானிலைச் சொற்கள். 28இல் புயல், 29இல் மழை, 29.5இல் மாறும், 30இல் தெளிவு, 30.5இல் நிலைத்த தெளிவு, 31இல் மிக வறட்சி. இந்தச் சொற்கள் இங்கிலாந்தின் வானத்துக்கு எழுதப்பட்டவை. அங்கே அட்லாண்டிக்கிலிருந்து வரும் தாழ்வழுத்தங்கள் முள்ளை ஒன்றிரண்டு நாளில் ஓர் அங்குலம்கூட இறக்கிவிடும். அங்கேயே இந்தச் சொற்களை அப்படியே நம்பக் கூடாது என்று ராபர்ட் ஃபிட்ஸ்ராய் எச்சரித்தார். டார்வின் பயணம் செய்த பீகிள் கப்பலின் கேப்டனாக இருந்தவர், 1854இல் பிரிட்டனின் வானிலைத் துறையைத் தொடங்கி நடத்தியவர். முள் எங்கே நிற்கிறது என்பதைவிட ஏறுகிறதா இறங்குகிறதா, எவ்வளவு வேகமாக என்று பாருங்கள் என்பது அவர் கட்சி.

பினாங்கு வடக்கு அட்சரேகை ஐந்தரைப் பாகைக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. பூமத்திய ரேகைக்கு இவ்வளவு அருகில் பூமியின் சுழற்சி காற்றை வளைக்கும் விசை மிகக் குறைவு. அதனால் பெரிய அழுத்தப் பள்ளங்கள் உருவாகி நிலைத்து நிற்பது அபூர்வம். எங்காவது சற்று உண்டானாலும் சுற்றுப்புறக் காற்று உடனே வந்து நிரப்பிவிடும். 2001 டிசம்பரில் வாமேய் என்ற சூறாவளி ஜொகூர் வரை வந்ததை வானிலை ஆய்வாளர்கள் இன்றும் விதிவிலக்காகப் பேசுவதற்குக் காரணம் இதுதான். மற்றபடி இங்கே முள் பெரும்பாலும் 29.7க்கும் 29.95க்கும் நடுவிலேயே வாழும். முகப்பின் முக்கால்வாசிப் பகுதிக்கு அது போகவே போகாது. 29.8 என்பது 'மாறும்' என்ற சொல்லுக்கும் 'தெளிவு' என்ற சொல்லுக்கும் இடையே, தெளிவின் பக்கம் சாய்ந்த இடம். தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் ஓடினாலும் முள் ஏறக்குறைய அங்கேதான் இருக்கும்.

நம் ஊர் மழைக்குப் பெரும்பாலும் அழுத்தம் விழத் தேவையில்லை. பகல் சூட்டில் எழும் மேகம், மாலையில் இடி, ஒரு மணி நேரம் கொட்டல். சுமத்ரா என்று மீனவர்கள் முதல் விமானிகள் வரை எல்லாரும் சொல்லும் அந்த விடியற்காலைக் காற்று இன்னும் வேடிக்கை. மலாக்கா நீரிணையைத் தாண்டி அது வந்து அடிக்கும்போது மழையில் குளிர்ந்த கனமான காற்று முன்னால் பாய்வதால் அழுத்தம் சட்டென்று கூடும். கூரைத் தகரம் பறக்கிற நேரத்தில் பாரோமீட்டர் 'தெளிவு' பக்கம் ஏறும். கருவி பொய் சொல்லவில்லை, முகப்பில் உள்ள எழுத்துதான் வேறு ஊருக்கானது.

அப்படியானால் இங்கே பாரோமீட்டர் எதைத்தான் காட்டும்? காற்று மண்டலத்தின் ஏற்ற இறக்கத்தை. கடலுக்கு ஓதம் இருப்பதுபோலக் காற்றுக்கும் உண்டு, ஆனால் அதை முக்கியமாக நடத்துவது நிலவு அல்ல, சூரியனின் சூடு. மேலே ஓசோனும் கீழே நீராவியும் வெயிலை உறிஞ்சிச் சூடாவதால் காற்று மண்டலம் முழுவதிலும் ஓர் அலை எழுந்து பூமியைச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதனால் உள்ளூர்ச் சூரிய நேரப்படி காலை பத்து, இரவு பத்து வாக்கில் அழுத்தம் உச்சத்திலும், மாலை நான்கு, விடிகாலை நான்கு வாக்கில் பள்ளத்திலும் இருக்கும். வெப்ப மண்டலத்தில் இந்த ஆட்டம் மூன்று ஹெக்டோபாஸ்கல் (இன்றைய வானிலை அறிக்கைகளில் அழுத்தத்துக்கான அலகு) அளவு வரும், அதாவது முகப்பில் ஓர் அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு. ஐரோப்பாவில் இதே அலை சிறிதாகி, வருவதும் போவதுமான தாழ்வழுத்தங்களுக்குள் மறைந்துவிடுகிறது. தென் அமெரிக்காவின் வெப்பப் பகுதிகளில் பயணம் செய்த ஜெர்மன் இயற்கை ஆய்வாளர் ஹம்போல்ட் இதன் ஒழுங்கைக் கண்டு வியந்திருக்கிறார், பாரோமீட்டரைப் பார்த்தே மணி சொல்லலாம் என்கிற அளவுக்கு.

நம்மூருக்கு ஒரு சின்னத் திருத்தம் வேண்டும். 1982 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் கிரீன்விச்சைவிட எட்டு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. பினாங்கின் தீர்க்கரேகைப்படி சூரியன் அதைவிட ஒரு மணி இருபது நிமிடம் பின்தங்கி வருகிறது. ஆக, நம் கைக்கடிகாரப்படி உச்சம் பதினொன்றேகால் மணி வாக்கில், பள்ளம் ஐந்தேகால் வாக்கில். பெரியவர் சொன்ன 'காலையில ஒரு மாதிரி, சாயங்காலம் ஒரு மாதிரி' இதுதான்.

உள்ளே என்ன இருக்கிறது

இத்தாலிய அறிஞர் டோரிசெல்லியின் பாதரசக் குழாய் 1643இலேயே வந்துவிட்டது. முக்கால் மீட்டருக்கும் நீளமான கண்ணாடிக் குழாயையும் பாதரசத்தையும் கப்பலிலும் மலையிலும் தூக்கிக்கொண்டு திரிவது பெரிய தொல்லை. காற்றை எடுத்துவிட்ட சிறு துருத்தி ஒன்றை வைத்து அழுத்தத்தை அளக்கலாம் என்ற யோசனையை ஜெர்மன் அறிஞர் லைப்னிஸ் 1700 வாக்கில் சொன்னார், ஆனால் அன்றைய உலோக வேலைக்கு அது எட்டவில்லை. அதைக் கருவியாக்கிக் காப்புரிமை வாங்கியவர் பிரெஞ்சுக்காரரான லூசியன் விடி, 1844இல். அதன் பிறகு போர்டன் என்பவரின் வளைகுழாய் அளவியோடு மோதி வழக்குமன்றம் ஏறி இறங்கியதில் அவருக்குப் பல வருடம் போயிற்று.

கருவியின் இதயம் ஒரு வட்ட உலோகப் பெட்டி. மெல்லிய தகடு, வளையம் வளையமாக மடிப்பு, உள்ளே காற்று கிட்டத்தட்ட இல்லை. ஐந்து சென்டிமீட்டர் விட்டம் என்று வைத்துக்கொண்டால் அதன் மேல் பரப்பில் வெளிக்காற்று அழுத்தும் விசை ஏறக்குறைய இருபது கிலோ, இரண்டு பத்துக்கிலோ அரிசி மூட்டையை அந்தத் தகட்டின் மேல் வைத்ததற்குச் சமம். பெட்டி நசுங்காமல் இருப்பது மேலே வளைந்து நிற்கும் தடித்த எஃகு வில்லால்தான். வில் மேலே இழுக்கிறது, காற்று கீழே அமுக்குகிறது, இரண்டும் சமமாகும் இடத்தில் பெட்டி நிற்கிறது. அழுத்தம் சற்று மாறினால் சமநிலை ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்கு நகரும்.

அந்தக் கண்ணுக்குத் தெரியாத நகர்வை முள்ளின் நுனியில் சென்டிமீட்டர் கணக்கில் காட்டுவதுதான் மற்ற எல்லா உறுப்புகளின் வேலையும். வில்லிலிருந்து ஒரு நீளமான நெம்புகோல் போகிறது. அதன் நுனியில் ஓர் இணைப்புக் கம்பி. அது ஒரு குறுக்குத் தண்டை ஆட்டுகிறது. தண்டிலிருந்து நிமிர்ந்த கை ஒன்று நுண்ணிய சங்கிலியை இழுக்கிறது. சங்கிலி முள்ளின் அச்சில் சுற்றியிருக்கிறது. அந்த அச்சில் கைக்கடிகாரத்தில் இருப்பதுபோன்ற ஹேர் ஸ்பிரிங் என்ற மெல்லிய சுருள்வில் ஒன்றும் உண்டு. சங்கிலி இழுக்க மட்டும்தான் முடியும், தள்ள முடியாது. சங்கிலி தளரும்போது முள்ளைத் திருப்பிக் கொண்டுவருவது ஹேர் ஸ்பிரிங். இந்தக் கருவியில் அழுத்தம் கூடும்போது சங்கிலி இழுக்கிறது, குறையும்போது ஹேர் ஸ்பிரிங் இழுக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், கோளாறு இங்கேதான் ஒளிந்திருந்தது.

முகப்பில் 'காம்பென்சேட்டட்' என்று பொடி எழுத்தில் இருந்ததைப் பெரியவர் தர முத்திரை என்று நினைத்திருந்தார். வெப்பநிலை மாறினால் வில்லின் வலு மாறும், அதைச் சரிக்கட்ட நெம்புகோலில் பித்தளையும் எஃகும் ஒட்டிய பட்டை வைத்திருக்கிறோம் என்பதற்கான அறிவிப்பு அது. இங்கிலாந்தின் குளிர்காலத்துக்கு அவசியம். பினாங்கில் அதற்குப் பெரிய வேலை இல்லை.

சோதனை

முதலில் பெட்டி உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெட்டியில் ஓட்டை விழுந்து காற்று உள்ளே போயிருந்தால் வில் அதை முழுக்க மேலே இழுத்துவிடும், முள் 28ஐத் தாண்டிப் புயல் பக்கம் போய் விழுந்து கிடக்கும். இங்கே முள் நின்றது 30.4இல், நிலைத்த தெளிவுக்குப் பக்கத்தில். ஆகவே ஓட்டை என்ற சந்தேகம் முதலிலேயே பலவீனமானது. என் போனில் இருக்கும் அழுத்த உணரி அப்போது 1009 ஹெக்டோபாஸ்கல் காட்டியது. பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தின் வானிலை அறிக்கையில் விமானிகளுக்குக் கொடுக்கும் கடல்மட்ட அழுத்தமும் அதை ஒட்டியே இருந்தது. அங்குலத்தில் 29.8. கருவி 0.6 அங்குலம் கூடுதலாகக் காட்டுகிறது.

அடுத்தது லிஃப்ட். பாரோமீட்டரைச் சோதிக்க இதைவிட மலிவான வழி கிடையாது. ஆயர் ஈத்தாமில் நண்பர் குடியிருக்கும் அடுக்குமாடிக்குக் கருவியை நிமிர்த்திப் பிடித்தபடியே கொண்டு போனேன். தரைத் தளத்திலிருந்து பதினேழு மாடி ஏறினால் சுமார் ஐம்பது மீட்டர். கடல் மட்டத்துக்கு அருகில் எட்டரை மீட்டருக்கு ஒரு ஹெக்டோபாஸ்கல் குறையும் என்ற கணக்கில் முள் 0.17 அங்குலம் இறங்க வேண்டும். ஏறி முடித்தபோது முள் அசையவில்லை. கண்ணாடியை விரலால் தட்டினேன், ஒரு துள்ளல் துள்ளிப் பாதித் தூரம் இறங்கி நின்றது. மறுபடி தட்டியதும் இன்னும் கொஞ்சம். ஆனால் கீழே இறங்கும்போது தட்டாமலே தானாக ஏறியது.

சிலர் பினாங்கு மலை ரயிலில் ஏற்றிப் பார்க்கலாமே என்பார்கள். வீட்டு பாரோமீட்டரை அங்கே கொண்டு போகாதீர்கள். எழுநூறு மீட்டர் ஏற்றத்தில் அழுத்தம் 28 அங்குலத்துக்கும் கீழே போய்விடும், முகப்பில் அதற்கு இடமே இல்லை.

ஏறுவது தானாக, இறங்குவது தட்டினால்தான். இந்த ஒற்றைத் திசை முடக்கம் பெட்டியின் கோளாறு அல்ல, வில்லின் கோளாறும் அல்ல. சங்கிலி இழுக்கும் திசையில் வலு இருக்கிறது. ஹேர் ஸ்பிரிங் இழுக்க வேண்டிய திசையில் ஏதோ பிடித்துக்கொள்கிறது. அதன் விளைவையும் யோசித்துப் பாருங்கள். காலை பதினொன்றேகாலுக்கு அழுத்தம் முள்ளை மேலே கொண்டுபோய் விடுகிறது. மாலையில் அழுத்தம் குறைகிறது, முள் அங்கேயே நிற்கிறது. மறுநாள் அதே உச்சம் வரும்போது முள் ஏற்கெனவே அங்கே இருக்கிறது, நகர வேண்டிய தேவையே இல்லை. வீட்டில் இருப்பவர் கண்ணுக்குக் கருவி செத்துப்போனதாகத்தான் தெரியும்.

திறந்து பார்த்ததும் செய்ததும்

பித்தளை வளையத்தைக் கழற்றி, முள்ளைக் கடிகார முள் தூக்கியால் நேராகத் தூக்கி எடுத்து, முகப்பை அகற்றினேன். எண்ணெய் வாடை. தையல் மெஷின் எண்ணெயாக இருக்கலாம், தாராளமாக விட்டிருக்கிறார்கள். ஜார்ஜ் டவுன் ஈரமும் தூசியும் சேர்ந்து அது பழுப்பு நிறப் பிசினாக மாறியிருந்தது. சங்கிலியின் கண்ணிகள் ஒன்றோடொன்று ஒட்டி, வளைய வேண்டிய இடத்தில் குச்சியாக நின்றன. ஹேர் ஸ்பிரிங்கின் உள்சுற்று மூன்றும் ஒரே சுற்றாக ஒட்டிக் கிடந்தன.

பெரிய கடிகாரம் திறந்து பழகியவர்களுக்கு எண்ணெய் விடுவது கை தானாகச் செய்யும் வேலை. பாரோமீட்டரில் அந்தப் பழக்கம் ஆகாது. கடிகாரத்தில் பெரிய வில் ஒன்று சக்கரங்களைத் தள்ளிக்கொண்டே இருக்கும், கொஞ்சம் பிசுபிசுப்பு இருந்தாலும் ஓடும். இங்கே முள்ளைத் திருப்பிக் கொண்டுவருவது ஒரு முடியளவு ஸ்பிரிங். சங்கிலிக்கும் ஹேர் ஸ்பிரிங்குக்கும் எண்ணெயே கூடாது.

எஃகு வில்லைப் பெட்டியிலிருந்து பிரிக்கவே இல்லை. பிரித்தால் வெளிக்காற்றின் அழுத்தத்தில் பெட்டி அந்த நொடியே தட்டையாகிவிடும். அதைத் திரும்பத் தூக்கி வில்லில் மாட்டுவதற்குத் தனிக் கருவியும் பழகிய கையும் வேண்டும். இங்கே அதற்குத் தேவையும் இல்லை. முள் அச்சையும் ஹேர் ஸ்பிரிங்கையும் சங்கிலியையும் மட்டும் வெளியே எடுத்து, லைட்டர் பெட்ரோலில் ஊறவைத்து, மென்மையான தூரிகையால் கழுவி, மறுபடி புதுப் பெட்ரோலில் அலசி உலரவிட்டேன். சங்கிலியில் ஒரு கண்ணியில் துரு. ஊசி முனையால் சுரண்டி, பூதக்கண்ணாடியின் கீழ் வைத்து அது மடங்குகிறதா என்று பார்த்த பிறகுதான் நிம்மதி. இந்தச் சங்கிலி அறுந்தால் மாற்றுக் கிடைப்பது சுலபமில்லை. மாட்டும்போது ஹேர் ஸ்பிரிங்கை அரைச் சுற்று முறுக்கி வைத்தேன், சங்கிலி எப்போதும் இறுக்கமாக நிற்பதற்கு.

பிறகு பின்பக்கத் திருகு. சட்டத்தின் பின்னால் சிறு ஓட்டை வழியே தெரியும் அந்தத் திருகு வில்லின் இருக்கையைச் சற்று ஏற்றி இறக்கும். முள்ளை ஊருக்குத் தகுந்த எண்ணில் நிறுத்துவதற்காக மட்டும் இருப்பது. முன்பு பார்த்த கடைக்காரர் முள் அசையாததைக் கண்டு, அசையும் வரை திருகியிருக்க வேண்டும். அதுதான் அந்த 0.6 அங்குலத்தின் கதை. கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பி, தட்டி, காத்திருந்து, மறுபடி திருப்பி, விமான நிலையத்தின் கடல்மட்ட எண்ணோடு சேர்த்தேன். இதை அவசரப்பட்டுச் செய்யக் கூடாது. வில் ஒரே நாளில் புது இடத்துக்குப் பழகாது, இரண்டாம் நாள் சிறிது விலகிப் போகும், மறுபடி சரிசெய்ய வேண்டியிருக்கும்.

விளைவு

அதே லிஃப்டில் இரண்டாம் முறை. மேலே போனபோது முள் தானாக இறங்கியது, தட்டியபோது மயிரிழை நகர்ந்து மொத்தம் 0.15 அங்குல இறக்கத்தில் நின்றது. கீழே வந்ததும் பழைய இடம். நூறாண்டைத் தொட்ட கருவிக்கு இது போதும்.

ஆனாலும் லிஃப்ட் சோதனையை மட்டும் நம்பித் திருப்பிக் கொடுக்கவில்லை. சில நாள் என் சுவரிலேயே மாட்டி வைத்தேன். காலை பதினொன்றரைக்கு 29.87, மாலை ஐந்தரைக்கு 29.78. இரவு கடையை மூடிவிடுவதால் அந்த உச்சத்தைப் பார்க்கவில்லை. இடையில் ஒருநாள் மதியம் பேய் மழை, எதிர்ச்சாரிக் கடையின் படிக்கட்டு வரை தண்ணீர் வந்தது. முள் தன் பாட்டுக்கு மாலைப் பள்ளத்தை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது, மழையைக் கண்டுகொள்ளவே இல்லை.

பெரியவர் வந்தபோது இந்த எண்களைக் காட்டினேன். "அப்ப 2017ல இது ஒழுங்காத்தான் இருந்துச்சா?" என்றார். ஒழுங்காகத்தான் இருந்திருக்கும், அதைப் பழுது பார்க்கக் கொடுத்ததில்தான் பழுதானது என்றேன். சிரித்துவிட்டு, "மழை வருமான்னு இனிமே போன்லயே பார்த்துக்கறேன்" என்றார். அதுவும் சரிதான். ரேடார் படம் பார்க்காமல் பினாங்கு மழையைச் சொல்ல இந்தக் கருவியால் முடியாது. பித்தளை முள் எதற்கு என்று கேட்டார். காலையில் நீல முள்ளுக்கு நேராக அதை வைத்துவிட்டு மாலையில் பார்த்தால் எவ்வளவு இறங்கியது என்று தெரியும், வேறு எதற்கும் இல்லை. மாலையில் இறக்கமே தெரியாத நாள் தொடர்ந்து வந்தால் மறுபடி பிசின் பிடிக்கிறது என்று அர்த்தம்.

லோரோங் கூலிட் சந்தையில் இந்த மாதிரிக் கருவி கண்ணில் பட்டு வாங்க நினைப்பவர்களுக்கும் இதே பார்வை உதவும். முள் 28க்குக் கீழே ஒட்டிக் கிடந்தால் பெட்டி போயிருக்கலாம், அலங்காரத்துக்கான விலை மட்டும் கொடுங்கள். நடுவில் எங்காவது நின்று, லேசாகத் தட்டினால் முள் சற்று அசைந்து நின்றால் பேரம் பேசலாம். எண் தவறாக இருப்பது பெரிய குறையல்ல, திருகு இருக்கிறது. விற்பவர் எண்ணெய் விட்டு 'சர்வீஸ்' செய்தது என்று பெருமையாகச் சொன்னால் கழுவும் கூலியையும் விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

மாட்டும் இடத்தைப் பற்றி ஒரு சந்தேகம் எல்லாருக்கும் வரும், பெரியவருக்கும் வந்தது: ஏர்கான் அறையில் மாட்டலாமா, வாசலில்தான் மாட்ட வேண்டுமா? எங்கும் மாட்டலாம். கதவு சாத்தியிருந்தாலும் இடுக்குகள் வழியே வீட்டுக்குள்ளும் வெளியேயும் அழுத்தம் ஒன்றுதான். நேர் வெயிலும் சமையலறை ஆவியும் படாத சுவராக இருந்தால் போதும். கூடத்தில், சுவிட்ச் போர்டுக்கு மேலே ஆணி ஏற்கெனவே இருக்கிறது என்று சொல்லி, காகிதத்தில் சுற்றி வாங்கிக்கொண்டு போனார்.